ஆய்வேடு எழுதுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுகலை புராஜெக்ட் எழுதுகிறவர்களும், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களும், முதல் கருத்தரங்கக் கட்டுரையை அனுப்பத் தயங்கிக்கொண்டிருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று பல பக்கங்களிலிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலோர் அவரவர் வீட்டின் முதல் பட்டதாரிகள். உழைப்பில் யாருக்கும் குறைவில்லை. எழுதும் முறையைத்தான் எவரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. முன்பு எம்.ஃபில். இருந்தது, அதில் ஒரு சிறிய ஆய்வேட்டை எழுதிப் பழகிவிட்டு முனைவர் பட்டத்துக்குப் போனார்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைகளோடு அந்தப் படிப்பு போய்விட்டது. இப்போது முதுகலை முடித்த கையோடு நேராகப் பெரிய ஆய்வேட்டில் இறங்க வேண்டியிருக்கிறது.

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் பார்த்தது, பிறர் சொன்னது, நீங்கள் நினைப்பது ஆகிய மூன்றையும் படிப்பவர் தனித்தனியே அடையாளம் காண முடிய வேண்டும். இயல் பிரிப்பு, மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் அதற்காக ஏற்பட்டவைதான்.

கைடு தலைப்பு கொடுத்து மாதக்கணக்கில் ஆகிறது. ஒரு பக்கம்கூட நகரவில்லை. எங்கே தொடங்குவது?

உங்களிடம் தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. அதனால்தான் நகரவில்லை. "தருமபுரி மாவட்டத்தில் ஃபுளோரைடு பாதிப்பு: ஓர் ஆய்வு" என்பது வெறும் தலைப்பு. எதைப் படிப்பது, எந்த ஊருக்குப் போவது, எதோடு நிறுத்திக்கொள்வது என்று அது எதையும் சொல்லாது.

முதலில் ஏற்கெனவே தெரிந்ததை ஒரு தாளில் எழுதுங்கள். நம் பக்கம் கடினப் பாறை நிலம். பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறினால் பல்லில் கறை, நாள்பட எலும்பில் பாதிப்பு. இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. இதெல்லாம் தெரிந்த செய்தி. இதையே நூறு பக்கம் எழுதினாலும் ஆய்வு ஆகாது.

தெரியாதது எது என்று அடுத்து யோசியுங்கள். குழாயில் ஒகேனக்கல் தண்ணி வருகிற ஊரில், வீட்டுக்குள் அது எதற்குப் போகிறது? குடிக்க அது, சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணி (ஆழ்துளைக் கிணற்று நீர்) என்று இருந்தால் ஃபுளோரைடு சாப்பாட்டோடு உள்ளே போகும். கொதிக்க வைப்பதால் அது போய்விடாது. இப்போது கேள்வி உருவாகிவிட்டது: "பென்னாகரம் வட்டத்தின் ஓர் ஊராட்சியில், ஒகேனக்கல் குடிநீர் இணைப்புள்ள வீடுகள் குடிக்கவும் சமைக்கவும் எந்தெந்த நீரைப் பயன்படுத்துகின்றன? அதை எவை தீர்மானிக்கின்றன?"

இதையே "மக்கள் ஏன் இன்னும் போர் தண்ணியில் சமைக்கிறார்கள்?" என்று கேட்கக் கூடாது. அப்படித்தான் சமைக்கிறார்கள் என்று ஊருக்குப் போகும் முன்பே நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். போய்ப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கலாம். நீங்கள் எதிர்பார்க்காத பதிலும் வர இடம் தருகிற கேள்விதான் ஆய்வுக் கேள்வி. அதை ஒரு வாக்கியத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். எழுதுகிற ஒவ்வொரு பத்தியையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எத்தனை இயல் வைக்க வேண்டும்?

கேள்வியைப் பிரித்துப் பாருங்கள், எண்ணிக்கை தானாக வரும். மேலே சொன்ன கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன: எந்த நீர், ஏன் அந்த நீர். ஆகவே கண்டறிந்தவை இரண்டு இயல். அவற்றுக்கு முன் அறிமுகம், முன்னாய்வுகள், ஆய்வு முறை. பின்னால் விவாதமும் முடிவும். அறிவியல், சமூக அறிவியல் துறைகளில் இந்த வரிசை ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. தமிழ், வரலாறு போன்ற துறைகளில் பொருள் அடிப்படையில் இயல் பிரிப்பார்கள். அதிலும் ஒவ்வோர் இயலும் மூலக் கேள்வியின் ஒரு துண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லாத இயல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வெளியே போக வேண்டியதுதான்.

எழுதும் வரிசை இதுவல்ல. ஆய்வு முறையை முதலில் எழுதுங்கள், ஏனென்றால் நீங்கள் செய்ததை எழுதுவது எளிது. பிறகு கண்டறிந்தவை. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதானே வாசலில் நின்று வழிகாட்ட முடியும்?

முன்னுரையில் என்ன எழுதுவது?

"மனிதன் தோன்றிய நாள்முதல் நீர் இன்றியமையாததாக விளங்குகிறது" என்று தொடங்கும் முன்னுரைகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டால் ஆய்வேட்டில் எதுவும் குறையாது.

ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலறிஞர் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் படித்து, அவற்றில் மூன்று நகர்வுகள் இருப்பதைக் காட்டினார். முதலில் களத்தைக் காட்டுவது, அடுத்து அந்தக் களத்தில் உள்ள இடைவெளியைச் சொல்வது, மூன்றாவதாக அந்த இடைவெளியில் நீங்கள் நிற்பது. நம் எடுத்துக்காட்டில் இப்படி வரும்: தருமபுரியில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு அளவும் மாற்றுக் குடிநீர்த் திட்டமும் (களம்), நீரின் தரத்தை அளந்த ஆய்வுகள் உள்ளன, அந்த நீர் வீட்டுக்குள் எப்படிப் பிரிகிறது என்பதைப் பார்த்தவை போதவில்லை (இடைவெளி), இந்த ஆய்வு ஓர் ஊராட்சியில் அதைப் பார்க்கிறது (நீங்கள்). ஒரு கட்டுரைக்கு இது ஒன்றரைப் பக்கம் போதும்.

இடைவெளியைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. "இதுவரை எவரும் ஆராயவில்லை" என்று எழுதாதீர்கள். உலகத்தில் உள்ள அனைத்தையும் நீங்கள் படித்ததில்லை. "நான் பார்த்த ஆய்வுகளில் இது இடம்பெறவில்லை" என்பது உண்மை, அதையே எழுதுங்கள்.

முன்னாய்வுகள் இயலில் ஒவ்வொரு நூலையும் சுருக்கி எழுதிவிட்டேன். கைடு "இது பட்டியல்" என்கிறார். வேறு எப்படி எழுதுவது?

உங்கள் கைடு சொல்வது சரி. "இவர் இந்த ஆண்டில் இப்படிச் சொன்னார், அவர் அந்த ஆண்டில் அப்படிச் சொன்னார்" என்று இருபது பேரை வரிசையாக நிறுத்தினால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. உங்களோடும் பேசுவதில்லை. ஆள்வாரியாக எழுதாமல் கருத்துவாரியாக எழுதுங்கள். ஃபுளோரைடு அளவைப் பற்றி எல்லாரும் ஒத்துப்போவது எதில்? முரண்படுவது எதில்? முரணுக்குக் காரணம் அளந்த பருவமா, கிணற்றின் ஆழமா, அளந்த முறையா?

இதற்கு நம்மிடமே ஓர் அருமையான கருவி இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூல் எழுதுகிறவனுக்கு எழுவகை மதம் சொல்கிறார். பிறர் கருத்துக்கு முன் ஓர் ஆசிரியன் எடுக்கக்கூடிய ஏழு நிலைப்பாடுகள் அவை: உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்தல், இருவர் மாறுபடும்போது ஒருபக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டல், பிறவற்றோடு சேராமல் தன் கருத்தைக் கொள்ளல். இந்தியாவில் இன்றைய நவீனப் பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதி வைத்தது இது. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் படித்த ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். அவர் சொல்வது என்ன, எதை வைத்துச் சொல்கிறார், அதற்கு முன் என் நிலை ஏழில் எது. மூன்றாம் வரியை நிரப்ப முடியவில்லை என்றால் அந்தக் கட்டுரையை நீங்கள் இன்னும் படிக்கவில்லை, புரட்டியிருக்கிறீர்கள். மறுப்பதற்குப் பயப்பட வேண்டாம். பேராசிரியர் எழுதியது என்பதற்காக ஒரு கருத்து சரியாகிவிடாது. காரணம் காட்டி, மரியாதையான சொற்களில் மறுப்பதுதான் புலமைக்கு நாம் செய்யும் மரியாதை.

ஒரு பத்தி எப்படி அமைய வேண்டும்? ஒன்றை எழுதிக் காட்டுங்களேன்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாகப் பார்க்கலாம். ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் வேடியப்பன் என்ற ஊர்த் தெய்வத்தின் கோயில்களிலும் இன்னும் நிற்கின்றன. கல்லும் ஊரும் இல்லாத ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துச் சொல்கிறேன். மாணவர்களிடமிருந்து வழக்கமாக வரும் பத்தி இப்படி இருக்கும்:

"இவ்வூரில் மிகப் பழமையான நடுகல் ஒன்று காணப்படுகிறது. ஆநிரையை மீட்கும் போரில் வீரமரணம் அடைந்த வீரனின் உருவம் இதில் மிக அழகாகச் செதுக்கப்பட்டுள்ளது. மக்கள் இதனை வேடியப்பன் என வணங்குவதால் இவன் வேட்டுவர் தலைவன் என்பது தெளிவாகிறது."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது கல்லில் இருந்தது, எது புத்தகத்தில் இருந்தது, எது இவர் மனத்தில் இருந்தது என்று பிரிக்க முடியவில்லை. அதே கல்லை இப்படி எழுதலாம்:

"கல்லில் ஓர் ஆண் உருவம் உள்ளது. வலக்கையில் வாளும் இடக்கையில் வில்லும் ஏந்தியுள்ளது. காலருகே ஒரு விலங்கின் உருவம் தேய்ந்துள்ளது. எந்த விலங்கு என்று சொல்ல இயலவில்லை. உருவத்துக்கு மேலே வட்டெழுத்தில் ஐந்து வரிகள் உள்ளன. மூன்றாம் வரியில் 'தொறு' என்பது தெளிவாகத் தெரிகிறது. நடுகல் கல்வெட்டுகளில் தொறு என்பது ஆநிரையைக் குறிக்கும். எனவே இது ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு எடுத்த கல்லாக இருக்கக்கூடும். ஊரார் இதை வேடியப்பன் என்று வழிபடுகின்றனர்."

முதல் ஐந்து வாக்கியங்கள் கண்ணால் கண்டவை. ஆறாவது கல்லிலிருந்து படித்தது. ஏழாவது பிற அறிஞர்கள் நிறுவியது, அங்கே ஓர் அடிக்குறிப்பு வர வேண்டும். எட்டாவது ஆய்வாளரின் கருத்து. அதனால்தான் "இருக்கக்கூடும்" என்று முடிகிறது. கடைசியில் இருப்பது இன்றைய வழிபாடு. இன்று வேடியப்பன் என்று கும்பிடுவது இன்றைய மக்களின் நம்பிக்கைக்குச் சான்று. கல் நட்ட காலத்தில் அவன் யாராக இருந்தான் என்பதற்கு அது சான்றாகாது. இரண்டாம் பத்தியில் "அழகாக" இல்லை, "மிகப் பழமையான" இல்லை. அதனால் ஒன்றும் வறண்டுவிடவில்லை. தேய்ந்த விலங்கைத் தேய்ந்தது என்று சொன்னதாலேயே ஆய்வாளர் மேல் நம்பிக்கை வருகிறது.

இலக்கியக் கட்டுரைக்கும் புள்ளிவிவரக் கட்டுரைக்கும் இதே முறைதான். பத்தியின் முதல் வாக்கியமோ இரண்டாவதோ இந்தப் பத்தி எதைப் பற்றியது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு பத்திக்கு ஒரு கருத்து. அடுத்த கருத்து வந்தால் அடுத்த பத்தி.

"முதன்முதலில்", "மிகத் தொன்மையான" போன்ற சொற்களைப் பயன்படுத்தவே கூடாதா?

சான்று இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் அளந்து பயன்படுத்த வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நம் மண்ணுக்குப் பெரிய பெருமை. ஆனால் ஆய்வேட்டில் "மயிலாடும்பாறை இரும்பின் வயது 4200 ஆண்டுகள்" என்று எழுதினால் அது பிழை. காலக்கணிப்பு செய்யப்பட்டது இரும்புக்கு அல்ல, அகழாய்வுக் குழியில் கிடைத்த கரித்துண்டுகளுக்கு. அந்தக் கரி இருந்த மண்ணடுக்கோடு இரும்பைத் தொடர்புபடுத்தித்தான் காலம் சொல்கிறோம். "இரும்பு கிடைத்த மண்ணடுக்கோடு தொடர்புடைய கரிமாதிரி கி.மு. 2172 என்ற காலத்தைத் தருகிறது" என்று எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் எவரும் அசைக்க முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். 2022இல் "இந்தியாவிலேயே மிகப் பழைய இரும்பு" என்று எழுதியவர்களின் வாக்கியம், 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் இன்னும் பழைய காலக்கணிப்புகள் வெளியானதும் பழசாகிவிட்டது. "2022 வரை வெளியான காலக்கணிப்புகளில்" என்று ஒரு தொடரைச் சேர்த்திருந்தவர்களின் வாக்கியம் இன்றும் சரியாகவே நிற்கிறது.

அரசுப் புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்துப் போடலாமா?

எடுக்கலாம். எந்த எல்லைக்குள் எடுத்த கணக்கு என்று பார்க்காமல் போடக் கூடாது. நம் மாவட்டங்களை ஆராய்கிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழக்கூடிய பள்ளம் ஒன்று இருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் தொகை 28,56,300. 2011இல் 15,06,843. இரண்டையும் அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, "பத்தாண்டில் மக்கள்தொகை பாதியாகக் குறைந்துள்ளது, காரணம் பெங்களூரு, திருப்பூருக்கு இடம்பெயர்தல்" என்று ஒரு விளக்கமும் எழுதிவிட முடியும். உண்மையில் 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2001 கணக்கு இரண்டையும் சேர்த்தது. 2011இல் கிருஷ்ணகிரியின் 18,79,809 பேரைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து 33,86,652. மக்கள்தொகை கூடியிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் 1965 வரை தருமபுரியே சேலம் மாவட்டத்தின் பகுதி. 1961 கணக்கெடுப்பில் "தருமபுரி மாவட்டம்" என்று தேடினால் கிடைக்காது. வட்ட வாரியாகத்தான் எடுக்க வேண்டும். வட்டங்களும் பின்னாளில் பிரிந்திருக்கின்றன. ஆகவே பல ஆண்டுகளை ஒப்பிடும் எந்த அட்டவணைக்கும் கீழே, எந்த ஆண்டு எல்லைப்படி என்று ஒரு வரிக் குறிப்பு கட்டாயம் வேண்டும்.

30 வீடு எடுத்தால் போதுமா?

எதற்குப் போதுமா என்பதைப் பொறுத்தது. மக்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆழமாகக் கேட்டு எழுத 30 வீடு தாராளம். "இத்தனை விழுக்காடு வீடுகள்" என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் கணக்கைப் பாருங்கள். குலுக்கல் முறையில் எடுத்த 30 வீட்டில் பாதி வீடு போர் தண்ணியில் சமைக்கிறது என்று வந்தால், ஊர் முழுவதற்குமான உண்மை அளவு சுமார் 32 முதல் 68 விழுக்காடு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் (95 விழுக்காடு நம்பக அளவில்). 100 வீடு எடுத்தால் அது 40 முதல் 60 ஆகச் சுருங்கும். இதுவும் குலுக்கல் முறையில் எடுத்தால்தான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் திறந்திருந்த வீடுகளாகப் பார்த்துக் கேட்டிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. அப்படித்தான் எடுத்தீர்கள் என்றால் அதை ஒளிக்காமல் எழுதுங்கள், விழுக்காட்டுப் பேச்சை விட்டுவிடுங்கள். ஓர் ஊராட்சியில் பார்த்ததை வைத்து "தருமபுரி மாவட்ட மக்கள்" என்று முடிவுரையில் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

"நான்" என்று எழுதலாமா, "ஆய்வாளர்" என்று எழுத வேண்டுமா?

உங்கள் துறை வழக்கம் எதுவோ அது. எனக்கு "நான்" பிடிக்கும். யார் செய்தது என்று தெளிவாகத் தெரியும். "நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன" என்றால் யார் சேகரித்தது? நீங்களா, ஊராட்சி ஆபரேட்டரா? அது படிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஓசூர், தளி பக்கம் கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்களிடம் பேட்டி எடுத்தேன். எப்படிப் பதிவு செய்வது?

அவர்கள் சொன்னது எந்த மொழியோ அந்த மொழியிலேயே முதலில் எழுதி வையுங்கள், தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி. ஆய்வேட்டில் தமிழில் தரும்போது "தெலுங்கில் கூறியது, தமிழாக்கம் என்னுடையது" என்று குறிப்பிடுங்கள். பேட்டிக்கு முன் ஒப்புதல் வாங்குங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு வாங்குவதுதான் ஒப்புதல். பெயரைப் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். வயது, பாலினம், தொழில், பேட்டி எடுத்த நாள் போதும். சிறிய ஊரில் "ஊராட்சி முன்னாள் தலைவர், 58 வயது" என்று போட்டாலே ஆள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும், அதையும் யோசியுங்கள். நம்மை நம்பி வீட்டுக்குள் உட்கார வைத்து, மோர் கொடுத்துப் பேசியவர்கள் அவர்கள்.

மேற்கோள் முறையில் தமிழ்ப் பெயர்களை எப்படி எழுதுவது? ஆங்கில முறைகள் குடும்பப் பெயரைக் கேட்கின்றனவே?

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே இல்லை. முதலெழுத்து அப்பாவின் பெயர். அதை விரித்து முன்னால் போட்டால், நூல் எழுதாத அப்பா ஆசிரியராகிவிடுவார். இடப்பட்ட பெயரையே முதன்மைப் பெயராகக் கொண்டு, முதலெழுத்தைப் பின்னால் போட்டு அகரவரிசைப்படுத்துங்கள். ஆய்வேடு முழுவதும் ஒரே முறையாக இருக்கட்டும். ஏபிஏ (APA), எம்எல்ஏ (MLA) என்ற மேற்கோள் முறைகளில் எது என்று கைடிடம் முதல் மாதமே கேட்டு முடிவு செய்துவிடுங்கள். கடைசி வாரத்தில் முந்நூறு மேற்கோளை மாற்றுவது கொடுமை.

கல்வெட்டைச் சுட்டும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. எந்த ஆண்டறிக்கை அல்லது தொகுதி, எந்த எண் என்பது வேண்டும். ஒரே ஊரில் பல கல்வெட்டுகள் இருக்கும். அகழ்வைப்பகத்தில் உள்ள கல்லுக்கு, அது முதலில் நின்ற ஊரும் வேண்டும். ஒருவரின் நூலில் மேற்கோளாகப் பார்த்ததை, மூலத்தையே படித்ததுபோலப் போடாதீர்கள். யார் வழியாகப் பார்த்தீர்களோ அவரையும் சொல்லுங்கள்.

பத்து விழுக்காடு வரை காப்பி அடிக்கலாம் என்கிறார்களே?

இல்லை. யுஜிசியின் 2018 விதிமுறைகள் மென்பொருள் காட்டும் ஒப்புமையைப் படிநிலைகளாகப் பிரிக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டையே தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. முறையாகச் சுட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேரா.

பத்து என்பது தற்செயலாக ஒத்துப்போகும் சொற்றொடர்களுக்கு விட்ட இடம். அடுத்தவர் எழுதிய ஒரு பத்தியைச் சொல்லாமல் எடுத்தால் மொத்தத்தில் அது ஒரு விழுக்காடாக இருந்தாலும் திருட்டுதான். சொல்லை மாற்றிப் போட்டுக் கருத்தை எடுப்பதும் அப்படியே. இதைத் தவிர்க்க எளிய வழி குறிப்பெடுக்கும்போதே இருக்கிறது. நூலில் உள்ளதை அப்படியே எழுதினால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போடுங்கள். உங்கள் சொல்லில் எழுதினால் நூலை மூடிவிட்டு எழுதுங்கள்.

சாட்ஜிபிடியில் எழுதலாமா?

உங்கள் பல்கலைக்கழகம் என்ன அனுமதிக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது தரும் மேற்கோள்களை ஒன்றைக்கூட மூலத்தைப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் பொருத்தமாகத் தந்துவிடும். உங்கள் ஊராட்சியில் எந்த வீட்டில் எந்தத் தண்ணி என்று அதற்குத் தெரியவே தெரியாது. நீங்கள் போய்ப் பார்த்ததுதான் உங்கள் ஆய்வின் உயிர். அதை வேறெதுவும் உங்களுக்கு எழுதித் தர முடியாது.

நல்ல நூலகம் பக்கத்தில் இல்லை. எங்கே தேடுவது?

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். இரண்டும் போனிலேயே திறக்கும். ஷோத்கங்காவில் உங்கள் துறையில் நான்கைந்து ஆய்வேடுகளை எடுத்து, உள்ளடக்கத்தையும் ஆய்வு முறை இயலையும் மட்டும் முதலில் படியுங்கள். எந்தக் கட்டமைப்பு தெளிவாக இருக்கிறது, எது குழப்புகிறது என்று உங்களுக்கே தெரியும்.

டைப் செய்யக் கொடுக்கும்போது யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால் வேறு கணினியில் திறக்கும்போது எழுத்து சிதறும், ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது.

முடிவுரையில் முந்தைய இயல்களைச் சுருக்கி எழுதினால் போதாதா?

போதாது. முதல் நாள் ஒட்டி வைத்த கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், நேராக, முதல் பத்தியிலேயே. பிறகு அந்தப் பதில் எதுவரை செல்லும், எங்கே செல்லாது என்று எழுதுங்கள். "மேலும் ஆய்வுகள் தேவை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஆய்வு, எந்த இடத்தில், எந்தக் கேள்வியோடு என்று சொன்னால் அடுத்து வரும் மாணவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

எழுதி முடித்துவிட்டேன். கொடுக்கும் முன் எதைச் சரிபார்ப்பது?

மறுபடியும் நன்னூலுக்கே வருகிறேன். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அது சொல்கிறது. அவற்றில் நம் ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்ப்பவை மூன்று.

மற்றொன்று விரித்தல். ஃபுளோரைடு ஆய்வேட்டில் அதியமான், ஔவைக்குத் தந்த நெல்லிக்கனி, ஒகேனக்கல் அருவி, திப்பு சுல்தான் காலம் என்று முப்பது பக்கம் மாவட்ட வரலாறு. ஊர்மேல் உள்ள பாசம் புரிகிறது. கேள்விக்கு வேண்டிய வரலாறு எவ்வளவோ அவ்வளவை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

மாறுகொளக் கூறல். ஆய்வு முறை இயலில் 120 வீடு, அட்டவணையில் 112, முடிவுரையில் "நூற்றுக்கு மேற்பட்ட". எண்களை மட்டும் ஒருநாள் உட்கார்ந்து தொடக்கம் முதல் இறுதி வரை சரிபாருங்கள். எட்டு வீடு ஏன் குறைந்தது என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

சென்று தேய்ந்து இறுதல். முதல் இயல் அறுபது பக்கம், கண்டறிந்தவை பன்னிரண்டு பக்கம். கெடு நெருங்கியதும் அவசரமாக முடித்தது தெரிந்துவிடும். ஆய்வேட்டின் உயிரே அந்தப் பன்னிரண்டு பக்கம்தான். நேரத்தை அங்கே போடுங்கள். ஆய்வு முறைக்கு அடுத்து உடனே கண்டறிந்தவற்றை எழுதுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு வேறு துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

கைடுக்குப் படிக்க நேரமே இல்லை. என்ன செய்வது?

முழு ஆய்வேட்டையும் ஒரே கட்டாகக் கொண்டுபோய் வைத்தால் எவருக்கும் நேரம் இருக்காது. ஒருமுறைக்கு ஓர் இயல் கொடுங்கள். மேலே ஒரு தாள் வையுங்கள்: என் கேள்வி இது, இந்த இயல் அதன் இந்தப் பகுதிக்குப் பதில் சொல்கிறது, இந்த இரண்டு இடத்தில் எனக்குச் சந்தேகம், பக்கம் இவ்வளவு. அந்த இரண்டு பக்கத்தையாவது அவர் நிச்சயம் பார்ப்பார். அவர் சொன்னதை அன்றைக்கே தேதி போட்டு எழுதி, அடுத்த முறை திருத்திய இயலோடு அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.